இடுப்பில் முடிச்சில்லாத எறும்பு

என் பழைய அலுவலகத்தில் இப்போது ஒரு கருவி வந்திருக்கிறதாம். பூச்சியின் ஒரு காலைப் பிய்த்து அதற்குள் போட்டால் போதும், அதன் குலம் கோத்திரம் எல்லாம் திரையில் வந்துவிடும். அதுவரை காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்களுக்குப் போன் இருக்கவே இருக்கிறது. போன வாரம், நான் உட்கார்ந்த நாற்காலியில் இப்போது உட்காரும் நேஹா ஒரு படம் அனுப்பியிருந்தாள். ஆப் இதை எறும்பு என்கிறது, நீங்கள் என்ன சொல்கிறீர்கள் மேடம் என்று இந்தியில் ஒரு வரி, ஒரு சிரிப்பு பொம்மை.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. திக்கென்றது. இதே உருவத்தை எறும்பு என்று எல்லோரும் சொல்லி, அதனால் ஒரு பெண் படாத பாடு பட்டதை நான் பார்த்திருக்கிறேன். பெத்திலிட் குடும்பத்துக் குளவி, இறக்கை இல்லாத பெண் என்று நேஹாவுக்கு உடனே பதில் போட்டேன். மிச்சத்தைப் போனில் தட்ட முடியாது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவள் நான். வீட்டில் எல்லோரும் பேங்க், ரயில்வே, இன்ஷூரன்ஸ். பூச்சியியல் படிக்கப் போகிறேன் என்றதும், "பூச்சி பிடிக்கறதுக்கு எதுக்கு காலேஜ்? சமையலறையிலேயே பிடிக்கலாமே" என்றார் அப்பா. படித்து முடித்து, செம்பூர் பக்கம் இருந்த ஓர் ஆய்வகத்தில் சேர்ந்தேன். பயிரைத் தின்னும் புழுக்களை ஒழிக்க ஒட்டுண்ணிக் குளவிகளை வளர்த்து வயல்களுக்கு அனுப்பும் இடம் அது. குளவி என்றதும் சுவரில் மண்கூடு கட்டுவதை நினைக்க வேண்டாம். இவை பெரும்பாலும் கடுகைவிடச் சிறியவை. வேறொரு பூச்சியின் முட்டையிலோ புழுவிலோ தன் முட்டையை வைத்துவிட்டுப் போகும். பொரிந்து வருவது அந்தப் பூச்சியைத் தின்றே வளரும். ஒவ்வொரு குளவிக்கும் இன்ன பூச்சிதான் என்று உண்டு. ஆள் மாறினால் வேலைக்கு ஆகாது. ஆகவே, அனுப்பப் போகும் குளவி நாம் நினைக்கும் குளவிதானா என்று உடம்பைப் பார்த்துச் சொல்ல ஒரு பிரிவு வேண்டும். அந்தப் பிரிவில்தான் என் காலம் முழுக்கக் கழிந்தது.

பிரிவின் தலைவர் பாட்கர் சார். கொலாபாக்காரர், ஒல்லி, சத்தமாகப் பேசத் தெரியாது. அவர் மேஜைக்கு ஒரு பூச்சியை எடுத்துக்கொண்டு போய், "சார், இது இன்னது" என்று ஆரம்பித்தால் கையை உயர்த்திவிடுவார். "நாம் மத் போலோ." பெயரைச் சொல்லாதே. "பஹ்லே தேக்கோ." முதலில் பார். பிறகு மைக்ராஸ்கோப்பை நம்மிடம் தள்ளிவிட்டு, தான் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். உணர்கொம்பில் எத்தனை கணு? முதல் கணு நீளமா குட்டையா? தலை எப்படி, நீண்டதா, சதுரமா? நாம் பார்த்துப் பார்த்துச் சொல்ல வேண்டும். எல்லாம் முடிந்த பிறகுதான் "அப் போலோ" என்பார். இப்போது சொல். பெயர் முதலில் வாயில் வந்துவிட்டால் கண் அதற்குச் சாட்சி தேடத்தான் ஓடும் என்பது அவர் கட்சி. சேர்ந்த புதிதில் எனக்கு எரிச்சலாக வரும். வாய் துறுதுறுவென்று இருக்கும் குடும்பத்தில் பிறந்தவள் வேறு.

அவர் கட்சி சரி என்று புரிந்தது ஒரு கரும்பு சீசனில். குளவி ஏறிய முட்டைகளை ஒட்டிய காகித அட்டைகள் வயலுக்குப் போகத் தயார். வருஷா வருஷம் அனுப்புகிற அதே குளவி, கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடலாம். பாட்கர் சார் மட்டும் ஆண் குளவியைக் கண்ணாடித் தகட்டில் ஏற்றிக் கொண்டுவரச் சொன்னார். உணர்கொம்பின் மயிர் இருக்க வேண்டிய நீளத்தில் இல்லை. வளர்ப்பு அறையில் எப்போதோ வேறொன்று நுழைந்து, எங்கள் குளவியை ஒழித்துவிட்டுத் தானே குடியேறியிருந்தது. நாங்கள் மாதக்கணக்கில் திருடனுக்குச் சோறு போட்டு வளர்த்திருக்கிறோம்! அத்தனை அட்டைகளையும் கொதிநீரில் போட்டோம்.

ஆனால் அதெல்லாம் கரும்பு. சொல்ல வந்தது குழந்தை.

பாட்கர் சார் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால், ஒரு மத்தியானம், வாசலில் காவல் இருந்த ஷிண்டே என்னைக் கூப்பிட்டார். மதராஸி அம்மா ஒருத்தி வந்திருக்கிறாள், என்ன சொல்கிறாள் என்று புரியவில்லை என்றார். போய்ப் பார்த்தால் இருபத்திரண்டு இருபத்து மூன்று வயதுப் பெண். துப்பட்டாவைத் தலையில் போட்டிருந்தாள். கையில் கழுவி மடித்த ஒரு பால் பாக்கெட். அதற்குள் ஒட்டும் டேப். டேப்பில் புள்ளி புள்ளியாக என்னவோ ஒட்டியிருந்தது.

"அக்கா, நீங்க தமிழா?" என்றாள். ஆமாம் என்றதும் பால் பாக்கெட்டை என்னிடம் நீட்டினாள். "ஆசுபத்திரியில ஒரு சின்ன டாக்டரம்மா சொன்னாவ, படுக்கையில என்ன ஊருதோ அதப் பிடிச்சுக்கிட்டு இங்க போன்னு. இது எறும்புதானாக்கா? எறும்புன்னு மட்டும் சொல்லிராதீய."

உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து விஷயத்தைக் கேட்டேன். பெயர் செல்வி. தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருக்கும் இசக்கிமுத்துவின் மனைவி. பைகளுக்குக் கைத்தையல் போடுவது அவள் வேலை. கைக்குழந்தை ஒன்று, பெண். கொஞ்ச நாளாகக் குழந்தையின் இடுப்பிலும் தொடையிலும் சிவப்புத் தடிப்புகள். ஒவ்வொன்றின் நடுவிலும் ஊசியால் குத்தினாற்போல ஒரு புள்ளி. மூட்டைப் பூச்சி மருந்து அடிக்கும் ஆள் வந்து பார்த்து, கட்டில் இல்லை, மூட்டைப் பூச்சி இல்லை, நாலு எறும்புதான் என்று போய்விட்டார். குழந்தையை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அங்கே நர்சுகள் கண்ணெதிரில் இருந்தவரை ஒரு புதுத் தடிப்பு இல்லை. வீட்டுக்கு வந்தார்கள், மறுபடி வந்தது. மாமியார் பேச்சியம்மா குழந்தையை எடுத்துக்கொண்டு ஒரு ராத்திரி பக்கத்து வீட்டில் படுத்தார். தடிப்பு இல்லை. செல்வியிடம் திரும்பி வந்தது, தடிப்பும் வந்தது.

"நாந்தான் தையல் ஊசியால குத்துதேன்னு சொல்லுதாவக்கா."

எனக்குத் தூக்கி வாரிப் போட்டது. பெற்றவள் குத்துவாளா? இப்படியும் சொல்வார்களா? ஆனால் யோசித்துப் பார்த்தால், அந்த வீட்டுக்காரர்கள் போட்ட கணக்கில் ஒரு பிசகும் இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"பிள்ளைக்குப் புட்டிப்பால் பழக்கிட்டாவ. நாளக்கழிச்சு அத்த பிள்ளையத் தூக்கிட்டுத் திருநெல்வேலிக்குப் போறாவ. என்னய இங்கேயே இருக்கச் சொல்லிட்டாவ" என்றாள். அழவில்லை. டேப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டேப்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். வெறுங்கண்ணுக்குச் சத்தியமாக எறும்புதான். பழுப்பு நிறம், இறக்கை இல்லை, சமையலறை மேடையில் ஊர்ந்தால் துணியால் துடைத்துவிட்டுப் போவோம். சைலீனில் ஊறவைத்துப் பசையைக் கரைத்து, மயிரிழைத் தூரிகையால் ஒவ்வொன்றாக எடுத்தேன். பாதி நசுங்கிப் போயிருந்தது. நல்லதாகத் தேறியதில் ஒன்றைத் தகட்டில் ஏற்றினேன். பாட்கர் சார் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டார்.

"கமர்?" என்றார். இடுப்பு.

எறும்புக்கு இடுப்பில் ஒரு முடிச்சு இருக்கும். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே மேலே தூக்கிக்கொண்டு நிற்கும் ஒரு குமிழ். எந்த எறும்பானாலும் அது இல்லாமல் இராது. நான் தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இடுப்பு குறுகியிருந்தது, முடிச்சு இல்லை.

"நஹீ ஹை, சார்" என்றேன்.

அவர் கண்ணைத் திறக்கவில்லை. உணர்கொம்பு? எறும்புக்கு முதல் கணு நீண்டு, முழங்கை போல மடங்கியிருக்கும். இதற்கு அவ்வளவு நீளமில்லை. தலை? தட்டை, அகலத்தைவிட நீளம் அதிகம், வாய் முன்னால் நீட்டிக்கொண்டு. முன்னங்கால் தொடை? பருத்திருந்தது. வயிற்று நுனியில் கொடுக்கு வெளியே வந்திருந்தது. எறும்பு போல வேஷம் போட்ட குளவி. எங்கள் ஒட்டுண்ணிக் குளவிகளுக்கு உறவு. வண்டுகளின் புழுவைத் தேடிச் சந்து பொந்தில் நுழைய வேண்டியிருப்பதால் இறக்கையே வேண்டாம் என்று விட்டுவிட்ட கூட்டம் அது.

எத்தனை பள்ளிக்கூடங்களில், எத்தனை விவசாயிகள் முன்னால் நான் மேடையேறிச் சொல்லியிருப்பேன், ஒட்டுண்ணிக் குளவி மனிதரை ஒன்றும் செய்யாது, சமர்த்து என்று! அதில் ஒரு சில ஜாதி மனிதத் தோலிலும் கொடுக்கை இறக்கும் என்று படித்திருக்கிறேன். படித்ததோடு சரி. அது ஒரு கைக்குழந்தையின் இடுப்பில் இறங்கி, பழி தாயின் தலையில் விழும் என்று எந்தப் புத்தகத்திலும் போட்டிருக்கவில்லை.

குளவி என்று தெரிந்தால் மட்டும் போதாது. எந்தக் குளவி என்று தெரிந்தால்தான் எந்த வண்டைத் தேடுவது என்று தெரியும். மறுபடி உட்கார்ந்தேன். உணர்கொம்பின் கணுக்களை ஒரு பக்கமிருந்து எண்ணி, மறு கொம்பில் இன்னொரு தரம் எண்ணினேன். பதிமூன்று இருந்தால் ஒரு பேரினம், பன்னிரண்டு என்றால் வேறு. இரண்டிலும் பன்னிரண்டுதான். செஃபலோநோமியா. அதிலும் நம்மூரில் சாதாரணமாக அகப்படுகிற ஒன்று கறுப்பு, இறக்கை உள்ளது, அரிசி ரவையில் வரும் வண்டைத் தேடிப் போகும். இதுவோ பழுப்பு, இறக்கை அடியோடு இல்லை. அப்படியானால் கல்லிகோலா.

"அப் போலோ" என்றார் பாட்கர் சார். சொன்னேன். அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "காய்ந்த கிழங்கு, வேர், மசாலா. எதையோ பழுப்பு வண்டு தின்கிறது. அது குழந்தைக்குப் பக்கத்தில் இருக்கிறது. போய்ப் பார்" என்று இந்தியில் சொல்லிவிட்டு, தன் லென்ஸைக் கழற்றி என் கையில் வைத்தார். யாருக்கும் தொடக் கொடுக்காத லென்ஸ்.

செல்வியோடு பஸ் பிடித்துத் தாராவி போனேன். தொண்ணூறடி சாலையில் இறங்கி, உள்ளே திரும்பித் திரும்பிப் போனால், பட்டறைக்கு மேல் இரும்பு ஏணி ஏறிப் போகும் ஒற்றை அறை. கீழிருந்து தோல் வாடை ஏறிக்கொண்டிருந்தது. விட்டத்து இரும்பில் புடவைத் தொட்டில், அதில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. பேச்சியம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"யாருட்டி இவிய? போலீஸா?"

"பூச்சி ஆபீசு, அத்த."

"பூச்சிக்கெல்லாம் ஆபீசு வச்சிருக்கானுவளா? வேலையத்த பயலுவ" என்றார். ஆனாலும் டீ போட அடுப்பைப் பற்றவைத்தார். கெட்டவர் இல்லை. பேத்தி மேல் கொள்ளைப் பிரியம். அந்தப் பிரியம்தான் செல்வியைக் கரித்துக் கொட்டியது.

நான் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். தோலை முதலில் தள்ளிவிட்டேன். தோலைத் தின்ன வருவது வேறு வண்டு, அதைத் தேடி இந்தக் குளவி வராது. மல்லி, மிளகாய், சோம்பு, மஞ்சள்தூள் எல்லாம் இறுக மூடிய எவர்சில்வர் டப்பாவில், பளிச்சென்று. பேச்சியம்மாவின் சமையலறையில் ஒரு வண்டு கால் வைக்க முடியாது. பரண்மேல் மூட்டை முடிச்சு எல்லாவற்றையும் இறக்கச் சொன்னேன். பழைய பாய், பித்தளைப் பானை. ஒன்றும் இல்லை.

"சுக்கு இருக்கா? விரலி மஞ்சள்? நாட்டு மருந்து ஏதாவது? புகையிலை?"

"எல்லாம் அந்த டப்பாவுலதான்."

"குழந்தை பக்கத்துல ஏதாவது வேர், கட்டை, மூலிகை வச்சிருக்கீங்களா?"

"ஒண்ணுமில்ல" என்றார் பேச்சியம்மா. "ஒண்ணுமில்லக்கா" என்றாள் செல்வியும். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. அதுதான் வேடிக்கை.

தலையணையைப் பிரித்தாயிற்று, பாயை உதறியாயிற்று. குழந்தை தூங்கிக்கொண்டிருந்ததால் தொட்டிலை மட்டும் கலைக்கவில்லை. வெளியே வெளிச்சம் குறைந்து விளக்குப் போட்டார்கள். எனக்கு வியர்த்துக் கொட்டியது. நான் தப்பாக எண்ணிவிட்டேனோ? பன்னிரண்டா, பதிமூன்றா? வெறுங்கையோடு இறங்கிப் போனால் இந்தக் குழந்தை ரயில் ஏறிவிடும்.

அப்போது குழந்தை வீறிட்டு அழுதது. பேச்சியம்மா வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். கல் போல இருக்கிறது என்றார். பிறகு செல்வியைப் பார்த்து, "ஏட்டி, அந்தப் பேர் சொல்லாதத எடு. ஒரு உரை உரைச்சு நாக்குல தடவுவோம்" என்றார்.

செல்வி தொட்டிலின் மடிப்புக்குள், குழந்தை படுத்திருந்த துணிக்கு அடியில் கையை விட்டு, மஞ்சள் துணியில் கட்டிய ஒரு சின்ன முடிச்சை எடுத்தாள்.

நான் அப்படியே நின்றுவிட்டேன்.

வசம்பை அவர்கள் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பெயரைச் சொன்னால், அதிலும் விளக்கு வைத்த பிறகு சொன்னால், மருந்தின் வீரியம் போய்விடும் என்பது அவர்கள் நம்பிக்கை. அது பேர் சொல்லாதது. எங்கள் மாட்டுங்கா வீட்டில் கடைக்காரனிடம் கத்திக் கேட்டு வாங்கியதால் எனக்கு இது உறைக்கவே இல்லை. உலகத்தில் இருக்கிற கிழங்கு, கட்டை அத்தனையையும் நான் பெயர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். தேடி வந்ததற்கு அந்த வீட்டில் பெயரே இல்லை! வேராகவும் கட்டையாகவும்கூட அவர்கள் அதை நினைக்கவில்லை. அது பிள்ளைக்குக் காவல்.

"பிரிக்காதே. இங்கே கொடு" என்றேன். ஒரு எவர்சில்வர் தட்டை வாங்கி, அதன்மேல் முடிச்சை அவிழ்த்தேன்.

வசம்புத் துண்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதன் காரத்துக்குப் பூச்சி கிட்டே வராது. ஆனால் கூடவே வைத்துக் கட்டியிருந்தார்கள், விரலி மஞ்சளும் சுக்கும். காவலென்று கட்டிய பிறகு அவர்கள் கணக்கில் அவையும் மஞ்சளோ சுக்கோ இல்லை, பேர் சொல்லாததுதான். அவை சல்லடையாகத் துளைத்துக் கிடந்தன. தட்டில் ஒரு தட்டுத் தட்டினேன். மஞ்சள் மாவு கொட்டியது. மாவோடு சின்னச் சின்னப் பழுப்பு வண்டுகள் உருண்டன. அவற்றுக்கு நடுவிலிருந்து அதுகள் வெளியே வந்தன, விறுவிறுவென்று, நாலா பக்கமும், இடுப்பில் முடிச்சில்லாத எறும்புகள். பாட்கர் சாரின் லென்ஸைப் பேச்சியம்மாவின் கண்ணில் வைத்து, பின்னால் நீட்டிக்கொண்டிருந்த கொடுக்கைக் காட்டினேன்.

ஆஸ்பத்திரிக்கு முடிச்சு போகவில்லை. பக்கத்து வீட்டில் மாமியார் மடியில் படுத்த ராத்திரியும் முடிச்சு தொட்டிலிலேயே கிடந்தது. நான் சொல்லச் சொல்ல, அதற்குள் மேலே ஏறி வந்திருந்த இசக்கிமுத்து வாசலிலேயே நின்றுவிட்டார்.

பேச்சியம்மா லென்ஸைக் கீழே வைத்தார். "நான்லா ஊர்ல இருந்து கொண்டாந்து கெட்டிப் போட்டேன்" என்றார். "எங்கையாலல்லா கெட்டிப் போட்டேன்." திரும்பத் திரும்ப இதையே சொன்னார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

முடிச்சைப் பாலித்தீன் பையில் போட்டு இறுக்கிக் கட்டினேன். தொட்டில் துணியைக் கொதிக்கிற தண்ணீரில் போடச் சொன்னேன். பிறகு செல்வியிடம், "இனிமே உன்னை யாரும் ஒரு வார்த்தை சொல்ல முடியாது" என்றேன். கொஞ்சம் பெருமையாகவேதான் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன்.

"அவிய சொன்னதுகூடப் பெருசில்லக்கா" என்றாள். "நானே நம்பிட்டேன். தூக்கத்துல நாந்தான் ஊசிய எடுக்கேனோன்னு. இவியகிட்டச் சொல்லி ரெண்டு கையையும் துப்பட்டாவால கெட்டச் சொல்லித்தான் படுக்கேன். பிள்ள அழுதா பல்லால அவுக்கணும். நேத்தும் கெட்டிக்கிட்டுத்தான் படுத்தேன்."

இசக்கிமுத்து சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். குழந்தை இன்னும் அழுதுகொண்டிருந்தது. பேச்சியம்மா எழுந்து அதைத் தூக்கி மருமகளிடம் நீட்டினார். செல்வி வாங்கவில்லை. இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, விரல்களை விரித்து, உள்ளங்கையைக் காட்டினாள். பிறகு திருப்பிப் புறங்கையைக் காட்டினாள். முந்தானை போலத் தொங்கிய துப்பட்டா நுனியையும் உதறிக் காட்டினாள். என்ன செய்கிறாள் என்று முதலில் எனக்கு விளங்கவில்லை. ஒவ்வொரு தடவையும் அப்படிக் காட்டின பிறகுதான் அவள் கையில் குழந்தையைக் கொடுத்திருக்கிறார்கள்.

"பாத்துக்கிடுங்க அத்த" என்றாள், காத்துக்கொண்டு நின்றாள்.